புளியரைப் பக்கத்துத் தொளி வயலுக்கு அரை கேஜ் வீல்: எத்தனை பல், எந்த அளவு, எப்படி மாட்டுறது?

செங்கோட்டை_தொளி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கார் பருவ நெல் சாகுபடிக்குத் தொளி அடிக்கணும், அதாவது தண்ணி கட்டிச் சேறாக்கி உழணும். வண்டி 44 எச்.பி., ரெண்டு சக்கர டிரைவ். பின் டயர் 13.6-28, முன் டயர் 6.00-16. பின்னாடி 6 அடி ரோட்டவேட்டர் (சுத்துற கத்தியால உழுற கருவி). வயல் புளியரைக்கும் கட்டளைக்குடியிருப்புக்கும் நடுவுல, மலையடி வயல். மேல்வயல் களிமண். கீழ்வயல்ல ஊத்து உண்டு, வருஷம் முழுக்க ஈரம் காயாது.

வெறும் டயர்ல ஓட்டினா கீழ்வயல்ல சக்கரம் நின்ன இடத்துலேயே சுத்துது. சேத்துல பிடிப்புக்குப் பின்சக்கரத்துல மாட்டுற இரும்புப் பல் சக்கரம், அதான் கேஜ் வீல், போடலாம்னு இருக்கேன். கடையில ரெடிமேடா வாங்குறதை விட பட்டறையில செய்ய யோசனை. கேக்க வேண்டியது இவ்வளவுதான்: அரை கேஜா, முழு கேஜா? பல் எத்தனை? டயரை விட எவ்வளவு சின்னதா இருக்கணும்? எதுல பிடிச்சு மாட்டுறது? வயலுக்குப் போக தேசிய நெடுஞ்சாலை 744-ல கொஞ்ச தூரம் வரணும், அதையும் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறை_பாடம்

தம்பி, அரையா முழுசாங்கறதை வண்டி முடிவு பண்ணாதுங்க, கண்டம்தான், அதாவது வயல்தான், முடிவு பண்ணும். அதனால முதல்ல வயலைக் குத்திப் பாருங்க. 12 மி.மீ. கம்பி ஒண்ணு எடுத்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டுக்குங்க. தண்ணி கட்டி ரெண்டு நாள் ஊறினதுக்கப்புறம் வயல்ல குறுக்கும் நெடுக்கும் நடந்து, பத்துப் பதினஞ்சு இடத்துல கைவாகுல அழுத்தி இறக்குங்க. கம்பி நிக்கிற இடம்தான் அடிக்கெட்டி. சக்கரத்துக்கு உண்மையான பிடிப்பு அங்கதான் கிடைக்கும். மேல இருக்கற சேறு வெறும் தடைதான்.

அடிக்கெட்டி 15 செ.மீ.க்குள்ள இருந்தா பட்டன் (டயர் மேல இருக்கற ரப்பர் மேடு) தேயாத டயரே போதும். அரை கேஜ்னா டயரைக் கழட்டாம அதுக்கு வெளிப்பக்கத்துல மாட்டறது. 15-லிருந்து 30 வரைக்கும் அரை கேஜ் நல்லா வேலை செய்யும். 30-ஐத் தாண்டிருச்சுன்னா யோசிக்கணும். இந்த அளவு வண்டிகள்ல பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு அடியில 38, 40 செ.மீ. இடைவெளிதான் இருக்கும். சக்கரம் அந்த அளவுக்கு இறங்கினா வயிறு சேத்துல உக்காந்துரும். அதுக்கு மேல பல் எத்தனை வெச்சாலும் பிரயோஜனம் இல்லீங்க.

முழு கேஜ்னா டயரையே கழட்டிட்டு இரும்புச் சக்கரம் மட்டும் போடுறது. எங்க பக்கம் பூந்தல் பாடம்னு சொல்ற ஆழச்சேத்துக்கு அதைப் போடுறாங்க. ஆனா வயல் ஓரத்துலயே ஜாக்கி வெச்சு மாத்தணும், முடிஞ்சதும் திரும்ப மாத்தணும். கெட்டித் தரையிலயோ வரப்பு மேலயோ ஏறினா அதிர்ச்சி முழுக்க ஆக்சில் பேரிங்குக்குப் போகும். நடுவுல ரப்பர்னு எதுவும் இல்லையே. உங்க மேல்வயல் களி, கீழ்வயல் ஊத்துன்னு ரெண்டும் கலந்து இருக்கறதுனால அரை கேஜ்தான் சரி. ஊத்துக் கண் இருக்கற இடத்தை மட்டும் கம்பி வெச்சுக் கண்டுபிடிச்சு, நாலு மூலையிலயும் குச்சி நட்டு, டிராக்டரை அங்க விடாதீங்க. அந்தத் துண்டை பவர் டில்லர்ல முடிச்சுக்கலாம்.

இன்னொரு விஷயமும் கவனிங்க. ரோட்டவேட்டர் சுத்தறப்ப கத்தி மண்ணைப் பின்னாடி தள்ளுது, அதனால வண்டியை முன்னாடி தள்ளி விடும். கல்டிவேட்டர் அப்படி இல்லை, வண்டியைப் பிடிச்சு இழுக்கும். ரோட்டவேட்டர் மாட்டியும் சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துதுன்னா, ஒண்ணு பட்டன் தேஞ்சிருக்கணும், இல்லைன்னா கத்தி ஆழமா இறங்கி ரோட்டவேட்டரே சேத்துல புதைஞ்சு இழுபடணும். ரோட்டவேட்டர் பக்கத்துல ஆழத்தை அளவு பண்ற சறுக்குப் பட்டை, ஸ்கிட்டும்பாங்க, அதைச் சரி பண்ணி ஆழத்தைக் குறைச்சுப் பாருங்க.

பட்டறை_தென்காசி

அளவு நான் சொல்லுதேன். 13.6-28 புது டயர் வெளி விட்டம் சுமார் 1310 மி.மீ. ஆனா அந்த எண்ணை வெச்சுக் கேஜ் செய்யக்கூடாது. வண்டி எடையில டயர் அடியில அமுங்கும். காத்தை வயலுக்கு வைக்கிற அளவுக்கு, 12-லிருந்து 14 பி.எஸ்.ஐ., குறைச்சுட்டு, ரோட்டவேட்டரைத் தூக்கி வெச்சு, சிமெண்ட் தரையில நிறுத்தி, ஆக்சில் நடுவிலிருந்து தரைக்கு அளங்க. 610-லிருந்து 620 வரைக்கும் வரும். அதுல 35 மி.மீ. கழிச்சா கேஜோட ஆரம். 615-ன்னு வெச்சுக்கிட்டா 580, அதாவது பல் நுனிக்குப் பல் நுனி 1160 மி.மீ. விட்டம்.

கேஜ் ஏன் டயரை விடச் சின்னதா இருக்கணும்னா, கெட்டித் தரையில எடை முழுக்க டயர் மேலதான் நிக்கணும். கேஜ் டயருக்கு வெளியில தொங்குறது. அது எடை தாங்க ஆரம்பிச்சா ஆக்சில் நுனியை நெம்புகோல் மாதிரி வளைக்கும், முதல்ல போறது வெளிப் பேரிங்கும் ஆயில் சீலும். சேத்துக்குள்ள டயர் 4 செ.மீ. இறங்கினதும் பல் தானா மண்ணைப் பிடிக்கும். அந்த 35-ஐக் குறைக்காதீங்க.

ஒரு பக்கத்துக்கு ரெண்டு வளையம், 50×8 பட்டையில. பல் 50×50×6 ஆங்கிள். ஆங்கிள் 50 மி.மீ. எழுந்து நிக்கிறதால வளையத்தோட வெளி விட்டம் 1060. ஒரு வளையத்துக்கு 3.3 மீட்டர் பட்டை ஆகும். நாலு வளையத்துக்கு 6 மீட்டர் பட்டை மூணு வாங்கினா போதும், நாலாவது வளையத்துல மட்டும் ஒரு ஒட்டு கூடுதலா வரும். அந்த ஒட்டை ஒரு பல்லுக்கு அடியில வர்ற மாதிரி வைங்க. கேஜ் அகலம் 280. பல்லை 30 டிகிரி சாய்ச்சு வைக்கிறதால ஒவ்வொண்ணும் 325 நீளம் வெட்டணும்.

எண்ணிக்கை: ஒரு பக்கம் 14. 1160 விட்டத்துக்குச் சுத்தளவு 3.64 மீட்டர், 14 பல்லுக்கு இடைவெளி 26 செ.மீ. வரும். 16 வெச்சா 23 செ.மீ.க்கும் கீழ போயிரும், மேல்வயல் களியில இடைவெளி அடைஞ்சு கேஜ் வெறும் உருளை ஆயிரும். அடைஞ்ச உருளைக்குப் பிடிப்பே கிடையாது. மணல் கலந்த இளகின சேறுன்னா 16 வைக்கலாம். 12 வெச்சா சேறு நல்லா உதிரும், ஆனா ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல வண்டி குலுங்கும், ஒவ்வொரு பல்லுக்கும் சுமை கூடும். 28 பல்லுக்கு 6 மீட்டர் ஆங்கிள் ரெண்டு நீளம். கைகளும் தட்டும் சேர்த்து ஒரு பக்கம் 50 கிலோவை ஒட்டி நிக்கும்.

இப்ப சாய்வு. இதைத்தான் பாதிப் பேர் தப்பா வெக்காங்க. வண்டி முன்னாடி போகும்போது பல்லோட டயர்ப் பக்கத்து நுனி முதல்ல மண்ணுக்குள்ள போகணும், வெளி நுனி பின்னாடி வரணும். டயர் பட்டனும் அப்படித்தான் இருக்கும், நடு முதல்ல, ஓரம் அப்புறம். அப்பத்தான் சேறு வெளியில தள்ளப்படும். மாத்தி வெச்சா சேறு உள்ளே, டயருக்கும் கேஜுக்கும் நடுவுல போய் அடைக்கும். இதனால இடது கேஜும் வலது கேஜும் வேற வேற. செஞ்ச உடனே ரெண்டுலயும் அம்புக்குறி அடிச்சு, இ, வ-ன்னு எழுதிருங்க.

ஆங்கிளை வைக்கிறதுலயும் திசை உண்டு. வளையத்துல ஒரு கால் படுத்திருக்கும், ஒரு கால் எழுந்து நிக்கும். சக்கரம் சுத்துற பக்கத்துக்கு எழுந்து நிக்கிற காலோட வழுவழுப்பான முதுகு இருக்கணும், படுத்த கால் அதுக்குப் பின்னாடி. மண்ணைத் தள்ளுறது முதுகு. மூலை அந்தப் பக்கம் திரும்பினா களி மூலைக்குள்ள இறுகிப் பிடிச்சுக்கும்.

வெல்டிங்: 3.15 மி.மீ. 7018 ராடு, நல்லாக் காய வெச்சது. 6013-ல போட்டா பார்க்க வழுவழுன்னு இருக்கும், ஆனா இடைவிடாம அதிர்ச்சி வாங்குற இந்த மாதிரி ஒட்டுக்கு 7018-தான் தாங்கும். ஒவ்வொரு பல்லையும் வளையத்தோட ரெண்டு பக்கமும் முழு நீளத்துக்குப் போடுங்க, புள்ளி வெச்சு விடாதீங்க. எல்லாப் பல்லையும் முதல்ல புள்ளி வெச்சு நிறுத்திட்டு, ஒண்ணு போட்டா அடுத்தது நேர் எதிர்ல போடணும். வரிசையாப் போட்டா வளையம் முறுக்கிக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. வண்டியில மாட்டி வெச்சுக்கிட்டே வெல்டிங் பண்ணாதீங்க, கரண்ட் பேரிங் வழியாப் போய் உருளையில குழி விழும். டயர் ஏறின ரிம்முல ஒருநாளும் வெல்டிங் கூடாது, காத்தை இறக்கிட்டாலும் கூடாது. சூட்டுல டயருக்குள்ள ரப்பர் கருகி வாயு சேர்ந்து வெடிக்கும். ஆள் போயிரும். ரிம்முல கொக்கி ஒட்டித் தாங்கன்னு யாரு கேட்டாலும் டயரைக் கழட்டிட்டு வரச் சொல்லணும்.

செங்கோட்டை_தொளி

ரொம்ப நன்றி அண்ணாச்சி. கம்பி குத்திப் பார்த்ததுல மேல்வயல் 18, 20 செ.மீ., கீழ்வயல் 27 வரைக்கும் போகுது. ஊத்துப் பக்கம் ஒரு மூலையில மட்டும் கம்பி நிக்கவே இல்லை. அப்ப அரை கேஜ்தான். மாட்டுறது எதுல? இப்ப பின்சக்கரத்துல இரும்பு வெயிட் கிடக்கு.

கோவிந்தாபுரம்_மெக்கானிக்

வெயிட்டைக் கழட்டிருங்க. சேத்துல எடை கூடக் கூட இறங்கும், தொளிக்கு அது வேண்டாம். அது மாட்டியிருந்த துளைகளே கேஜுக்கு ஆகும். 10 மி.மீ. தட்டு வெட்டி அந்தத் துளைகளுக்கு நேராத் துளை போட்டு, தட்டிலிருந்து கைகள் வெளியில வந்து வளையத்தைத் தாங்கற மாதிரி செய்யச் சொல்லுங்க. சக்கர டிஸ்க்ல (ரிம்முக்கு நடுவுல இருக்கற தட்டு) புதுசாத் துளை போடாதீங்க, துளையிலிருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும். ஹப் நட்டைக் கழட்டி அதுக்கடியில தட்டைச் சொருகறதும் வேண்டாமுங்க. அந்த நட்டு சக்கரத்தைப் பிடிக்கறதுக்கு மட்டும்தான்.

மாட்டுறப்ப வண்டி கெட்டித் தரையில இருக்கணும். முன்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை, வண்டி கியர்ல, சாவி வெளியில. பின் ஆக்சிலுக்கடியில பலகை போட்டு ஜாக்கி வைங்க, தூக்கினதும் ஸ்டாண்டு கொடுங்க. 50 கிலோங்கறது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் போல்ட்டை உள்ளே விடணும். எம்16, 8.8 கிரேடு போல்ட், பக்கத்துக்கு நாலு, நைலாக் நட் (தளராம இருக்க உள்ளே நைலான் வளையம் வெச்சது). எதிர் எதிரா இறுக்குங்க. காய்ஞ்ச மரைக்கு சுமார் 200 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்சு இல்லைன்னா 1 மீட்டர் பைப்புல 20 கிலோ அழுத்தற அளவு. மரையில கிரீஸ் தடவினா அதே அளவுக்கு இறுக்கக்கூடாது, கால்வாசி குறைச்சுக்குங்க, இல்லைன்னா போல்ட் நீண்டுரும். தட்டும் டிஸ்க்கும் உரசற இடத்துல பெயிண்ட் இருந்தா சுரண்டி எடுத்துருங்க. பெயிண்ட் நசுங்க நசுங்க போல்ட் தளரும். முதல் ஒரு மணி நேரம் ஓட்டினதும் ஒரு தடவை இறுக்கணும், அப்புறம் தினமும் காலையில.

இறுக்கினதும் ரெண்டு இடத்துல இடைவெளி பாருங்க. கேஜோட உள் வளையத்துக்கும் டயர் பக்கச் சுவருக்கும் நடுவுல 50 மி.மீ. குறையாம இருக்கணும். அதை அளக்க வேண்டியது வண்டியைத் தரையில இறக்கினதுக்கப்புறம், டயரோட அடிப்பக்கத்துல, மேல இல்லை. காத்துக் குறைச்சு எடை ஏறினா டயர் அடியில வெளியில பிதுங்கும். பக்கச் சுவர் உரசினா ரெண்டு நாள்ல துணி தெரியும், டயர் அதோட சரி. அடுத்தது மட்கார்டு ஓரம். அதுக்கு, இறக்கறதுக்கு முன்னாடி ஸ்டாண்டுல இருக்கறப்பவே, கியரை நியூட்ரலாக்கிட்டு சக்கரத்தை ஒரு முழுச் சுத்து கையில சுத்திப் பாருங்க.

அகலத்தையும் கணக்குப் போடுங்க. டிராக் (ரெண்டு பின் டயருக்கும் நடுவுக்கு நடு தூரம்) 1400 வெச்சா டயர் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் சுமார் 1745, கேஜ் சேர்த்து ரெண்டு பக்கமும் 330 கூடி 2400 மி.மீ. ஆயிரும், கிட்டத்தட்ட 8 அடி. ரோட்டவேட்டர் 6 அடிதான். அப்ப ஒவ்வொரு பக்கமும் ஒரு அடிக்கு கேஜ் தடம் உழாம நிக்கும். நடு வயல்ல அடுத்த சால் அதை மூடிரும். வரப்பு ஓரத்துல மூடாது. ரோட்டவேட்டரை ஒரு பக்கமாத் தள்ளி மாட்டற வசதி இருந்தா கடைசிச் சுத்தை வரப்புப் பக்கம் தள்ளி வெச்சு ஓட்டுங்க. இல்லைன்னா வரப்பு வெட்டிப் பூசற ஆளுக அந்த ஒரு அடியைக் கொத்திருவாங்க. வயல் வாயிலும் 8 அடிக்கு மேல இருக்கணும், கேஜ் வரப்புல ஏறினா வரப்பு போச்சு.

வேலை முடிஞ்ச அன்னைக்கே ஆக்சில் நுனியில சுத்தியிருக்கற வைக்கோல், புல்லு எல்லாத்தையும் அறுத்து எடுங்க. அதுதான் ஆயில் சீல் உதட்டைத் தின்னும். டிரான்ஸ்மிஷன் ஆயில் டிப்ஸ்டிக்ல பால் நிறம் தெரிஞ்சா தண்ணி போயிருச்சுன்னு அர்த்தம், அதோட ஓட்டாதீங்க. பிரேக் காய்ஞ்ச டிஸ்க் வகையா இருந்தா ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மெதுவா ரெண்டு தடவை மிதிச்சுக் காய வைக்கணும்.

வடகரை_வயக்காடு

ரோட்டு விஷயத்தை யாரும் சொல்லலை, நான் சொல்லுதேன். கேஜோட தார் ரோட்டுல ஏறக்கூடாது. தார் பெயர்ந்துரும்னுதான் தடை. மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுறது உண்டு, அபராதமும் உண்டு. 35 மி.மீ. உயரத்துல இருக்கே, தரையில படாதேன்னு நினைக்காதீங்க. வேகத்தடையில, தார் விளிம்புல இறங்கி ஏறும்போது பல் தட்டும். 8 அடி அகலத்துக்கு, மலைப்பாதையில இறங்குற லாரிகளுக்கு நடுவுல போறது ஆபத்தும்தான். கேஜ் ரெண்டையும் டிரெய்லர்லயோ லோடு ஆட்டோலயோ வயலுக்கு அனுப்பி, களத்துல வெச்சு மாட்டுங்க. தட்டு முறையில ரெண்டு ஆள் இருந்தா அரை மணி நேர வேலை. ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி டயர்க் காத்தையும் கைப்புத்தகத்துல இருக்குற அளவுக்கு ஏத்திக்கணும், 12 பி.எஸ்.ஐ.யோட வேகமா ஓட்டினா டயர் சூடேறும்.

செங்கோட்டை_தொளி

புரியுது அண்ணாச்சி, களத்துலயே மாட்டிக்கிடுதேன். இன்னும் ரெண்டு சந்தேகம். கேஜ் போட்டும் வண்டி இறங்கிட்டா சக்கரத்துல கட்டையைக் கட்டி ஏத்துறாங்களே, அது சரியா? கேஜ் சரியா வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கொழிஞ்சாம்பாறை_பாடம்

கட்டை கட்டறது மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. சக்கரம் சேத்துல பூட்டிக்கிட்டா எஞ்சின் சக்தி ஆக்சிலைச் சுத்தி வண்டியோட உடம்பையே தூக்கும். முன்பக்கம் எழும்பிப் பின்னாடி கவிழும். கிளட்சை வெடுக்குனு விட்டா கண்ணிமைக்கறதுக்குள்ள முடிஞ்சுரும், டிரைவர் குதிக்க நேரம் இருக்காது. கேஜ் போட்ட சக்கரத்துக்குப் பிடிப்பு அதிகம், அதனால இந்த ஆபத்தும் அதிகம். கட்டையும் சேர்ந்தா சக்கரம் சுத்தி வெளியேற வழியே இல்லாமப் போயிரும்.

இறங்கறது தெரிஞ்ச உடனே நிறுத்தணும், கேஸ் கொடுக்கக்கூடாது. பி.டி.ஓ.வை (ரோட்டவேட்டரைச் சுத்த வெக்கற தண்டு) ஆஃப் பண்ணி ரோட்டவேட்டரைத் தூக்குங்க. ரிவர்ஸ் கியர் போட்டு, வந்த தடத்துலயே பின்னாடி எடுங்க. ரிவர்ஸ்ல முன்பக்கம் எழும்பாது. ஒரு சக்கரம் மட்டும் சுத்தினா ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்ந்து சுத்த வெக்கற டிஃபரன்ஷியல் லாக்கைப் போடுங்க, ஸ்டீயரிங் நேரா இருக்கறப்ப மட்டும். அதுலயும் வரலைன்னா ரோட்டவேட்டரைக் கழட்டுங்க, சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி சேத்தை வெட்டி எடுங்க, கெட்டி நிலத்துல நிக்கற இன்னொரு வண்டியை வெச்சு முன் கொக்கியில நீளக் கயிறு போட்டு மெதுவா இழுங்க. கயிறு பக்கத்துல ஆள் நிக்கக்கூடாது, அறுந்தா சாட்டை மாதிரி வரும்.

ரெண்டாவது கேள்விக்கு: பின்சக்கரத்துல சுண்ணாம்புல ஒரு கோடு போடுங்க. களத்துல 10 சுத்துக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு டேப்புல அளங்க, 38 மீட்டரை ஒட்டி வரும். வயல்ல ரோட்டவேட்டர் இறக்கி ஓட்டறப்ப அதே 10 சுத்துக்கு அளங்க. 29 மீட்டர் வந்தா வழுக்கல் 24 சதவீதம், தொளிக்கு அது நல்ல கணக்குதானுங்க. 25 மீட்டருக்குக் கீழ போச்சுன்னா 34 சதவீதத்துக்கு மேல வழுக்குதுன்னு அர்த்தம், டீசல் சேத்துக்குப் போகுது. அப்ப முதல்ல பார்க்க வேண்டியது பல் இடைவெளி அடைஞ்சிருக்கான்னு. அடைஞ்சிருந்தா வயல்ல தண்ணி குறைவு. 5-லிருந்து 10 செ.மீ. தண்ணி நிக்கணும், களி தண்ணியிலதான் உதிரும். அடையலை, ஆனா வழுக்குதுன்னா கியரைக் குறைச்சு, மணிக்கு 3 கிலோமீட்டருக்குள்ள ஓட்டி மறுபடி அளந்து பாருங்க.

பட்டறை_தென்காசி

ஒண்ணு விட்டுப்போச்சு. 14 பல்லுல ரெண்டு மூணு பல் நடுவுல வளைஞ்சா தட்டி நேராக்கிக்கிடலாம். வெல்டிங் ஓரத்துல முடி மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அந்த இடத்தை கிரைண்டர்ல முழுசாத் தோண்டி எடுத்துட்டு மறுபடி போடணும். வெடிப்பு மேலேயே போட்டா அடியில ஓடிக்கிட்டே இருக்கும். பருவம் முடிஞ்சதும் கழுவிக் காய வெச்சு, போல்ட் துளையில கிரீஸ் அடைச்சு, மண்ணுல படாம கல்லு மேல அடுக்கி வைங்க. அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு எடுக்கும்போது நைலாக் நட்டு எட்டும் புதுசு போடுங்க. ஒரு தடவை கழட்டின நைலான் அதே பிடி பிடிக்காது.

செங்கோட்டை_தொளி

குறிச்சுக்கிட்டேன். ஆங்கிள் ரெண்டு நீளம், பட்டை மூணு நீளம், 10 மி.மீ. தட்டு, எம்16 போல்ட் எட்டு. நாளைக்கு டிஸ்க் துளையோட அளவை அட்டையில வெட்டிக்கிட்டுப் பட்டறைக்குப் போறேன்.

கோவிந்தாபுரம்_மெக்கானிக்

அட்டையை ரெண்டு சக்கரத்துலயும் தனித்தனியா வெச்சுப் பார்த்துட்டுப் போங்க. பழைய வண்டிகள்ல ஒரு பக்க டிஸ்க் மாத்தியிருப்பாங்க, துளை ஒரே அளவா இருக்கும்னு நம்ப முடியாது.